எம்.ஏ. சேந்துட்டேன் அம்மிணி

அம்மிணி, எப்படி இருக்கற, மாமா கொழந்தைங்க எல்லாம் சௌக்கியமா? தாராபுரம் பக்கம் மழைன்னு அமுச்சி சொல்லுச்சு, உங்க காட்டுக்கும் ரெண்டு தூத்தல் உழுந்திருந்தா சரி. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ பாதில நிறுத்திருவே, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

சீட்டு கெடச்சிருச்சு. எம்.ஏ. வரலாறு, போன்ல சொன்னேன்ல அதே கோயமுத்தூர் காலேஜ்தான், அதும் ரெகுலர். தபால்ல பி.ஏ. படிச்சவளுக்கு தெனமும் கிளாஸ்ல போய் உக்காரறதே நெம்ப புதுசா இருக்குது.

சர்டிபிகேட் பாக்கற அன்னிக்குத்தான் ஒரே ரோதனை. பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவுல இத்தன வருசம் என்னம்மா பண்ணுனீங்கன்னு ஆபீஸ்ல கேட்டாரு, ஸ்பின்னிங் மில்லுல நூல் நூக்கற ரிங் பிரேம் மிஷின் ஓட்டுனேனுங்கன்னேன், அதுக்கு ஏதாச்சும் சர்டிபிகேட் இருக்குதாங்கறாரு! நமக்கு சம்பளச் சீட்டே ஒழுங்காக் குடுக்காத ஆளுங்க, சர்டிபிகேட்டாம். நல்லவேளை நான் பிளஸ் டூவ தனித்தேர்வரா எழுதிட்டுத்தான் ஓப்பன் யுனிவர்சிட்டிக்குப் போனேன். பிளஸ் டூ இல்லாமயே டிகிரி வாங்கிரலாம்னு அப்ப ஊருல நாலு பேரு சொன்னாங்கல்ல, அதக் கேட்டிருந்தா அவ்ளோதான். பத்தாவது, பிளஸ் டூ முடிச்சுட்டு வாங்குன டிகிரிதான் கவருமெண்டு வேலைக்குச் செல்லும்னு 2009லயே ஆர்டர் போட்டிருக்குது, அது தெரியாமப் பணத்தக் கட்டி முழிக்கறவங்க இன்னும் இருக்கறாங்க.

கிளாஸ்ல எல்லாம் இருவத்தொண்ணு இருவத்திரெண்டு வயசுப் புள்ளைங்க, அக்கான்னு கூப்புடுதுங்க, மொத நாளு ஒருத்தி எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் மேம்னுட்டா.

போன வாரம் கோயமுத்தூர் மில்லுங்க பாடம். 1888ல ஸ்டேன்ஸ் மில்லு ஆரம்பிச்சது, அப்பறம் 1930கள்ல நீலகிரி பைக்காராவுல தண்ணில எடுத்த கரண்டு வந்தப்பறம் மில்லு மேல மில்லா மொளச்சது, எல்லாம் சார் நல்லாத்தான் நடத்துனாரு. சின்னியம்பாளையத்து மில்லுத் தொழிலாளிங்க நாலு பேர 1946 ஜனவரி 8 அன்னிக்கு கோயமுத்தூர் ஜெயில்ல தூக்குல போட்டாங்கன்னு சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. அவிநாசி ரோட்டுல எத்தன தடவ அந்த ஊரத் தாண்டி பஸ்ஸுல போயிருப்போம், ஒருத்தராவது சொல்லியிருப்பாங்களா?

கடைசில சுமங்கலித் திட்டம் வந்துச்சு. மூணு வருச காண்ட்ராக்ட், முடிஞ்சா மொத்தமா ஒரு தொகை, கல்யாணச் செலவுக்குன்னு பொண்ணுகளச் சேத்தாங்க, அவ்வளவுதான், ரெண்டே வரி, அடுத்த பாடத்துக்குப் போயிட்டாரு. நானும் அதுல இருந்தவதான்னு கை தூக்கிச் சொல்லலாமான்னு ரோசிச்சு கம்முனு இருந்துட்டேன். சொல்றதுக்கு வெக்கமெல்லாம் ஒண்ணுங் கெடயாது. சொன்னா அன்னில இருந்து கிளாஸ்ல என்னைய உதாரணமா வெச்சுருவாங்க, எனக்கு ஸ்டூடண்டாத்தான் இருக்கோணும். ஏற்கனவே ஒரு தம்பி, அக்கா உங்க கதைய தன்னம்பிக்கை ரீல்ஸா போடலாமாங்கறான், மியூசிக் வேறயாம்! போடா கண்ணு, அசைன்மெண்ட எழுதுன்னு அனுப்பிட்டேன்.

ஆனா அந்த ரெண்டு வரிய நான் உடறதா இல்ல. ரெண்டாம் வருச புராஜெக்ட்டுக்கு மில்லு ஹாஸ்டலத்தான் எடுக்கப் போறேன். அதுக்கு நீ வேணும். நைட் ஷிப்ட்டுல தூங்கி உழுந்தா என்ன பண்ணுவாங்க, கடைக்குப் போனா வார்டன் எத்தன பேரக் கூட்டிட்டுப் போவாங்க, ஊருக்கு லீவு கேட்டா என்ன சொல்லுவாங்க, பஞ்சு தூசில யாருக்கு இருமல் வந்து அனுப்பி வெச்சாங்க, இதெல்லாம் என்னயவிட உனக்குத்தான் எச்சா ஞாபகம். பேரு ஊரு எதும் போட மாட்டேன், பயப்படாத. நீ சொல்லச் சொல்ல போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.

அப்பறம் உன்ர விசயம். பெரியவளும் பள்ளிக்கூடம் போயிட்டா, இன்னும் என்ன சாக்கு? என்.ஐ.ஓ.எஸ்.னு ஒண்ணு இருக்குது, வீட்டுல இருந்தே படிச்சு பிளஸ் டூ எழுதற சென்ட்ரல் கவருமெண்டு ஓப்பன் ஸ்கூலு, ஒருக்கா பேரப் பதிஞ்சா அஞ்சு வருசம் டைம், எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சுல எழுதோணும்னு இல்ல, கணக்குல நீதான் நம்ம ரூம்லயே கெட்டி. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன், உன்ர பத்தாவது மார்க் ஷீட்ட பீரோவுல தேடி எடுத்து வை. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்.