முதற்கட்டச் சோதனை கேட்கும் கேள்வியே வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'புதிய புற்றுநோய் மருந்து முதற்கட்டச் சோதனையில் வெற்றி' என்று செய்தி வந்தால் போதும், அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தலைப்பு அப்படி.

முதற்கட்டத்தில் முதன்மையாகப் பார்ப்பது, மருந்தை உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். கட்டி சுருங்கினால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவே. பத்தில் ஒரு எலிக்குக் கடும் நச்சாகும் அளவை உடற்பரப்புக்கு ஏற்ப மாற்றி, அதிலும் பத்தில் ஒரு பங்கில் தொடங்குவது கீமோ மருந்துகளில் வழக்கம். முதலில் மூன்று பேர். 21 அல்லது 28 நாள் கவனிப்பு. கடும் பாதிப்பு யாருக்கும் இல்லையென்றால் அடுத்த மூவருக்கு மருந்தின் அளவு ஒரு படி கூடுதல். ஒருவருக்கு வந்தால் அதே படியில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று கீழே இறங்குவார்கள். கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய் ஒரு வாரத்துக்கு மேல் ஏறாமல் கிடப்பது அத்தகைய பாதிப்புக்கு ஓர் உதாரணம்.

ஆகவே கீழ்ப்படியில் சேர்பவருக்கு ஆபத்தும் குறைவு, மருந்து வேலை செய்யும் வாய்ப்பும் குறைவு. 'எனக்கு எத்தனையாவது படி? எனக்கு முன்னால் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது?' என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. 1991 முதல் 2002 வரை அமெரிக்காவில் நடந்த 460 முதற்கட்டச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், கட்டி சுருங்கியது சுமார் 10.6 சதவீதம் பேருக்கு. மருந்தின் நச்சால் இறந்தவர் 0.49 சதவீதம்.

தாங்கும் உச்ச அளவே சிறந்த அளவு என்பதும் கீமோ காலத்துக் கணக்கு. நுரையீரல் புற்றுநோய்க்கான சோடோராசிப் மாத்திரைக்கு 2021-இல் தினம் 960 மில்லிகிராம் என அனுமதி தந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, குறைந்த அளவு போதுமா என்று 240 மில்லிகிராமோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னது.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி, சோதனையால் உடல்நலம் கெட்டால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது சார்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

சோதனையில் சேர்ந்தால், சாப்பிடும் சித்த மருந்தையும் லேகியத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பம்பளிமாஸ் பழம்கூடச் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அந்த இரவிலேயே அழையுங்கள்.

மருந்தியல் ஆசிரியர் (ஓய்வு),
கே.கே. நகர், மதுரை-20