மழைக்கு முன் டேங்க்கை வடியுங்கள்: மலையில் புல்வெட்டும் இயந்திரங்கள் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, பூஜை விடுமுறைக்குச் சுற்றுலாப் பயணிகள் மலையேறத் தொடங்கும் நாள்களில், மூணாறு, தேவிகுளம் வட்டாரத்துப் பழுது பார்க்கும் கடைகளின் வாசலில் புல்வெட்டும் இயந்திரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. விடுதிகள், பள்ளி மைதானங்கள், தேவாலய வளாகங்கள், எஸ்டேட் பங்களாக்கள் ஆகியவற்றிலிருந்து வரும், பின்னால் நடந்தபடி தள்ளிச் செல்லும் பெட்ரோல் இயந்திரங்கள் அவை. கொண்டுவருபவர் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றே: மழைக்கு முன் நன்றாக ஓடிய மெஷின், இப்போது தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குக் கயிற்றை இழுத்தாலும் கிளம்பவில்லை. இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றில் பெரும்பாலானவற்றின் என்ஜினுக்கு ஒரு கேடும் நேர்ந்திருப்பதில்லை. மழைக்காலம் முழுவதும் டேங்க்கில் தேங்கிக் கிடந்த பெட்ரோல்தான் அவற்றை முடக்கியிருக்கிறது. இது தெரியாமல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரும் புதிதாக, சில இடங்களில் புதிய இயந்திரமேகூட, விலை கொடுத்து வாங்கப்படுகின்றன.

கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் சாராய வகையான எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுவே. அந்தக் கொள்கையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கரும்பு விவசாயிக்கு அதனால் நன்மை உண்டென்றால் மகிழ்ச்சியே. ஆனால் இந்தச் சிறு என்ஜின்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் கையேடுகளில் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றே அச்சிட்டுவந்திருக்கின்றன. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அன்றாடம் ஓடும் வாகனத்தில் பெட்ரோல் அதிக நாள் தங்குவதில்லை என்பதால் அங்கே இது பெரிதாகத் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாத, தீப்பெட்டி நமத்துப்போகும் இந்த மலையில், பாதி டேங்க் பெட்ரோலுடன் ஷெட்டில் நிற்கும் இயந்திரத்தின் கதை வேறு. மூடியிலுள்ள காற்றுத்துளை வழியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; அது ஓர் அளவைத் தாண்டியதும், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாய் புறப்படுவதும் டேங்க்கின் அடியிலிருந்துதான்.

அத்தகைய கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால், அலுமினியத்தின் மேல் வெள்ளை மாவு பூத்திருக்கும். பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட திருகான பித்தளை ஜெட்டின் மேல் பழுப்பு நிறப் பிசின் படிந்திருக்கும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குண்டூசி முனையளவு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால், இயந்திரம் கிளம்பாததற்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து ஊறவிட்டு, தூண்டில் நரம்பு போன்ற மென்மையான ஒன்றால் துளையைத் திறப்பதே முறை. ஊசியாலோ ஊக்காலோ குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதன்பின் அந்த ஜெட் உதவாது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் ஓடி, சோக்கை எடுத்தவுடன் நின்றுபோகும் இயந்திரமும், ஏறி இறங்கும் சத்தத்துடன் சீரில்லாமல் ஓடும் இயந்திரமும் பெரும்பாலும் இதே நோய்க்குரியவைதாம். சில நிமிடங்கள் நன்றாக ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்பினால், கார்புரேட்டரைத் தொடும் முன் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். காற்றுத்துளை அடைத்திருப்பதுதான் குறை என்றால், செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும்.

இவற்றைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. மழை பிடிப்பதற்கு முன், என்ஜின் ஆறிய நிலையில், திறந்த வெளியில், பீடி சிகரெட் எதுவும் அருகில் இல்லாமல், டேங்க்கை முழுவதுமாக வடித்துவிட வேண்டும். பிறகு இயந்திரத்தைக் கிளப்பி, குழாயிலும் கிண்ணத்திலும் எஞ்சியிருப்பது தீர்ந்து அது தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை ஓரிரு முறை மெதுவாக இழுத்தபின் பிளக்கை மாட்டி, கயிறு இறுகும் இடம்வரை இழுத்து விட்டுவிட்டால், வால்வுகள் மூடிய நிலையில் ஈரம் உள்ளே புகாமல் இருக்கும். மழை முடிந்தபின் புதிய பெட்ரோலை, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்கி ஊற்றுவது நல்லது. கேனில் மீந்த பழைய பெட்ரோலை வீணாக்க மனமில்லாமல் இதில் ஊற்றும் வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. மீந்ததை, பழையதாகும் முன்பே, பெட்ரோலில் ஓடும் வண்டியில் ஊற்றிவிடலாமே.

இனி உயரத்தைப் பற்றி ஒரு சொல். தேனியிலோ போடியிலோ வாங்கி, கடை வாசலில் ஓட்டிக் காட்டியபோது குறையில்லாமல் ஓடிய இயந்திரம், போடிமெட்டு ஏறி இங்கே வந்ததும் கரும்புகை விடுகிறது என்பது விற்றவர்மீது அடிக்கடி சொல்லப்படும் பழி. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. காற்று குறைந்தும் ஜெட் அதே அளவு பெட்ரோலை விடுவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, அதாவது கலவை கனத்து, பிளக் கரி பிடித்துப்போகிறது. ஆற்றலும் அதற்கேற்பக் குறைகிறது. எத்தனால் கலவை இதை ஓரளவு ஈடுசெய்யும் என்பது உண்மையே. ஆயினும் ஏர் ஃபில்டரில் புழுதியும் புல்தூசியும் அடைத்துக்கொண்டால் அந்தச் சலுகையும் போய்விடும். ஆகவே சமவெளியில் உள்ளவர் எப்போதோ பார்க்கும் ஏர் ஃபில்டரை இங்குள்ளவர் அடிக்கடி பார்த்தாக வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைத் தட்டித்தான் தூசி நீக்க வேண்டும். அதில் தண்ணீரும் ஆயிலும் படவே கூடாது. பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி, விளக்குக்கரி போல இருந்தால் கனம். உயரமான இடங்களுக்கென்று சிறு துளையுள்ள ஜெட்டைச் சில நிறுவனங்கள் தனியே தருகின்றன. அதை மாட்டிய இயந்திரத்தைப் பின்னர் கம்பத்துக்கோ கொச்சிக்கோ கொண்டுபோனால் பழைய ஜெட்டை மறுபடி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் மிகையாகச் சூடேறும்.

பிளேடு கல்லிலோ தேயிலைக் கட்டையிலோ மோதி நின்றபின் இயந்திரம் கிளம்ப மறுத்து, கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுத்தால், என்ஜினின் சுழல்சக்கரமான ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்திருக்கும், சாவி எனப்படும் சிறிய உலோகத் துண்டு வெட்டுண்டு தீப்பொறியின் நேரம் மாறியிருக்க வாய்ப்பு மிகுதி. பிளேடைச் சுழற்றும் தண்டான கிராங்க் போன்ற பெரிய பாகங்களைச் சேதத்திலிருந்து காப்பதற்காகவே அந்தச் சாவி அவ்வளவு மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது; அதன் விலையும் சொற்பமே. ஆனால் அதை மாற்றியபிறகும் இயந்திரம் அதிர்ந்தால், பிளேடோ கிராங்க்கோ வளைந்திருக்கும். அதோடு ஓட்டக் கூடாது. பிளேடைத் தொடும் முன் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறக்கலாகாது. இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேற்புறம் வரும்படி சாய்க்க வேண்டும்; மாற்றிச் சாய்த்தால் என்ஜின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, பிறகு வளாகமே வெண்புகையாகும். ஆயிலைப் பொறுத்தவரை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. கையை எடுத்தவுடன் என்ஜினை நிறுத்திப் பிளேடை அடக்குவதற்காகவே கைப்பிடியில் ஒரு லீவர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டிலிருந்து, லீவரை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது சட்டம். இங்கே பழுதுக்கு வரும் இயந்திரங்களில் அந்த லீவரைக் கட்டுக்கம்பியால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். கை வலிக்கிறது என்கிறார்கள் வேலையாட்கள், வலிக்கும்தான். ஆனால் ஈரப்புல் சரிவில் கால் வழுக்கினால், சுழலும் பிளேடு எங்கே வரும் என்பதை முதலாளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவில் குறுக்காகத்தான் தள்ள வேண்டும், மேலும் கீழுமாக அன்று. 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் அரிவாளே பொருத்தம். அவ்வளவு சாய்வில் சில என்ஜின்களுக்கு ஆயிலும் சரியாக எட்டுவதில்லை.

தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மலைப்பகுதிக்கு விற்கும் விற்பனையாளர்கள், மழைக்கால வடிப்பு, உயரத்துக்கான ஜெட், லீவர் ஆகியவற்றை விளக்கும் ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் இயந்திரத்துடன் தர வேண்டும். என் கைக்கு வந்த கையேடுகள் ஆங்கிலத்திலேயே இருந்தன, இயந்திரத்தைத் தள்ளுபவரில் அதைப் படிக்கக்கூடியவர் மிகச் சிலரே. பெட்ரோல் பங்க்குகளில் எத்தனாலின் விகிதத்தை, கேனுடன் வருபவர் கண்ணில் படும்படி, வட்டார மொழிகளிலும் எழுதிவைக்க வேண்டும். விடுதிகளும் எஸ்டேட்டுகளும் மே மாத இறுதியில் டேங்க்கை வடிக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்து, அந்த வேலைக்கு அரைநாள் கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழுது பார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
மூணாறு