பந்தியில் கேட்கக்கூடாத கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, பசித்து வருகிற எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடும் வடலூர் தருமச்சாலைக்குச் சேவை செய்ய அழைத்துவருவதாகப் போனில் சொன்னாய். கூட்டி வா. தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம். கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடுவதே வேலையாகிவிடும்.

1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று சொன்னால் முதலில் அதைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். ஓடட்டும். அப்புறம் காய் நறுக்க உட்காரவை.

என்.எஸ்.எஸ். பிள்ளைகளோடு நான் முதல் தடவை போனபோது, ஒரு பையன் சாம்பார் வாளியோடு "போதுமா? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். ஒரு பெரியவருக்குச் சோறு பாதிகூட நனையவில்லை, "போதும்பா" என்று கையைக் குறுக்கே வைத்துவிட்டார். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அம்மா வாளியை வாங்கி, எதுவும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். "பசியோட வந்தவங்ககிட்ட போதுமான்னு கேட்டா போதும்னுதான் சொல்வாங்க தம்பி. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு கேளு." அடுத்த பந்தியில் அவன் ஊற்றிய ஊற்றில் ரசத்துக்கு இடமில்லை!

பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அன்றைக்கு நான் அவர்களுக்குத் தனியாகப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன், தப்பு. சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்க விடாதே. பள்ளியில் போட்டோ கேட்டால் காய் நறுக்குவதை அனுப்பு.

பசி வடலூரில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் திரும்பக்கூடாது. திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறேன். கேட்டால் "வயித்துவலி டீச்சர்" என்பார்கள். சனி, ஞாயிறு சத்துணவு கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆனது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பெரிய காரியம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி. உன் வகுப்பில் இரண்டாவது பீரியடிலேயே மேசையில் தலைசாய்க்கிறது யார் என்று கவனி. எல்லார் முன்னாலும் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிடாதே.

தேதியைச் சொல். ஒரு மூட்டை அரிசியோடு நான் நெய்வேலியிலிருந்து நேரே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா