குளியலறையில் ஒரு டொக் டொக்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு எங்கள் வீட்டுக் குளியலறைதான் காரணம் என்றால் சிரிப்பாய். மஞ்சக்குப்பம் வீட்டில் நீயும் தரையை மாற்றப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதனால் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மாடிக் குளியலறையில் ஷவருக்கு நேர் கீழே மூன்று டைல்ஸ் வெகு நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. காலி மண்பானையைத் தட்டினாற்போல் டொக் டொக். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்துபோன பிறகு, கீழே கூடத்துக் கூரையில் ஈரத் திட்டு ஒன்று தெரிந்தது. பழியைப் புயல் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். சித்திரை வெயிலிலும் அது காயவில்லை என்றபோதுதான் சந்தேகம் மாடிக்கு ஏறியது.

இவர் ஒயிட் சிமெண்ட் வாங்கிவந்து இடுக்கெல்லாம் பூசினார். மூன்று வாரம் அமைதி. நாலாவது வாரம் டொக் டொக்கோடு, மிதித்தால் 'சளக்' என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இடுக்கில் அழுக்குத் தண்ணீர் குமிழியிட்டது.

பிறகு ஒரு வயதான மேஸ்திரி வந்தார். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு, தர்பூசணி வாங்குகிறவர் போல ஒவ்வொரு டைலாகத் தட்டித் தட்டிக் கேட்டார். சத்தம் கெட்ட இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி. இருபதில் பதின்மூன்றுக்குக் குறி விழுந்தது! ஓட்டை போட்டுச் சிமெண்ட் பால் ஊற்றிவிடலாமே என்றார் இவர். கூடத்தில் ஒன்றிரண்டு என்றால் செய்யலாம், ஈரம் ஏறிய இடத்தில் அது புண்ணை மூடித் தைக்கிற வேலை என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

உடைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம்! வீடு கட்டியபோது டைல்ஸ் ஒட்டியவர், நாலு மூலையிலும் நடுவிலும் கலவையை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். உருண்டைக்கு உருண்டை நடுவே வெற்றிடம். போதாததற்கு அவை விட்ரிஃபைட் டைல்ஸ். அவை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம், அரை சதவீதம்கூடக் கிடையாது. ஆகவே வெறும் சிமெண்ட் அவற்றைப் பிடிப்பதில்லை. ஒரு டைலின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன், கழுவி வைத்த தட்டு போலப் பளிச்சென்று இருந்தது. கீழே கலவை கையோடு அள்ள வந்தது, குளத்துச் சேற்று வாடையோடு.

உன் மேஸ்திரியிடம் நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது மூன்று. வாட்டம் முதலில். தரையில் தண்ணீர் வெளியேறும் வாய் இருக்கிறதே, அந்த நானி ட்ராப் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் எங்கேயும் தேங்காமல் ஓட வேண்டும். அடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கை. சுவரிலும் ஓரடி ஏற்றச் சொல். காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து இருபத்துநாலு மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்க்கூரையைப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள், விடாதே. கடைசியாக ஒட்டுவது. டைல் பசையைப் பல் வைத்த கரண்டியால் சீப்பு வாரியதுபோல் இழுத்து, அதன்மேல் டைலை அழுத்த வேண்டும். ஒன்றை ஒட்டியவுடன் பெயர்த்துக் காட்டச் சொல். முதுகு முழுக்கப் பசை இருந்தால் நல்ல வேலைக்காரர். எங்கள் மேஸ்திரி நான் கேட்காமலே பெயர்த்துக் காட்டினார்!

வேலை நடந்த ஒன்பது நாளும் கொல்லையில் வாளித் தண்ணீர்க் குளியல். இவருக்கு அது பிடித்துப்போய் இன்னும் அங்கேதான் குளிக்கிறார். இத்தனை செலவும் யாருக்காக என்று தெரியவில்லை.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா? மறக்காமல் எழுது. அடுத்த ஞாயிறு கடலூர் பஸ் ஏறலாம் என்றிருக்கிறேன். சொரசொரப்பான டைல்ஸ் ஐந்து மீந்திருக்கின்றன, இளம்பச்சை நிறம். உன் துளசி மாடத்தைச் சுற்றிப் பதிக்க ஆகுமென்றால் சொல், பையில் போட்டு எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
சாந்தி