டாலர் விலைக்காக வட்டியை உயர்த்த வேண்டாம்: ரிசர்வ் வங்கிக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநருக்கும் பணவியல் கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டிய அதே வாரத்தில் வங்கிகளுக்கு நீங்கள் தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போவை 5.25 சதவீதமாகக் குறைத்தீர்கள். ரூபாய் சரிந்துகொண்டிருக்கும்போது வட்டியைக் குறைக்கலாமா என்று இங்கே பலர் முணுமுணுத்தார்கள். அந்த அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததால், உங்கள் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். விலைவாசி அடங்கியிருந்த காலத்தில் அந்த முடிவை எடுப்பது எளிதாகவும் இருந்திருக்கும். விலையும் ஏறி, ரூபாயும் சரியும் நாளில் எதைப் பிடித்துக்கொண்டு எதை விடப்போகிறீர்கள் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

சிறு பனியன் நிறுவனங்களுக்கும் ஜாப் ஒர்க் கூடங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். ரூபாய் விழுந்தால் திருப்பூருக்குக் கொண்டாட்டம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு டீ சர்ட்டின் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாயாக இருந்தபோது 255 ரூபாய் கிடைத்த இடத்தில், 90 ஆனதும் 270 கிடைக்கிறது. ஆனால் டாலர் ஏறிய செய்தி நமக்கு முன்பே பையருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த சீசனுக்குப் பேசும்போது பத்து சென்ட் குறைக்கச் சொல்கிறார். 2.90 டாலருக்கு ஒத்துக்கொண்டால் கையில் வருவது 261 ரூபாய். மிஞ்சும் ஆறு ரூபாயிலும் இறக்குமதிச் சாயத்துக்கும் கெமிக்கலுக்கும் ஒரு பங்கு போகிறது. பஞ்சு விலையும் உலகச் சந்தையை ஒட்டி நகர்வதால், ரூபாய் சரிந்தால் நூல் விலையும் ஏற இடமுண்டு. ஆர்டர் பிடித்தவுடனேயே பின்னால் வரப்போகும் டாலரைப் பழைய விலைக்கே விற்பதாக வங்கியோடு ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு வைத்தவருக்கு அந்த ஆறு ரூபாயும் இல்லை. ஓவர்லாக் ஓட்டுபவருக்கும் செக்கிங் பார்ப்பவருக்கும் சனிக்கிழமை தரும் கூலியில் இந்த ஏற்றத்தால் ஒரு பைசா கூடியதை நான் எழுதியதில்லை.

கோவை பம்ப்செட் தயாரிப்பாளர் வாங்கும் செம்பின் விலை டாலரில் நிர்ணயமாகிறது. நாமக்கல் லாரிக்காரரின் டீசலோ இறக்குமதிக் கச்சா எண்ணெயை நம்பியிருக்கிறது. கொங்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே டாலர் விலை என்று எதுவும் இல்லை.

அதற்காக ரூபாயின் மதிப்பை நாட்டின் மானமாகக் கருதி எப்பாடுபட்டாவது தூக்கி நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் அந்தக் குரல் மிகவும் ஓங்கி ஒலிக்கிறது. விவாதிப்பவர்களுக்கு, ஏற்றுமதி ஆர்டரை முடிக்க வாங்கும் பேக்கிங் கிரெடிட் கடனைக் கட்டும் வேலை இல்லை. பக்கத்து நாடான இலங்கை, டாலரைச் சுமார் 200 இலங்கை ரூபாயில் பிடித்து வைக்க டாலர் கையிருப்பைக் கரைத்து, 2022 மார்ச்சில் பிடியை விட்டது. சில வாரங்களிலேயே டாலர் அங்கே 300 ரூபாயைத் தாண்டியது. அந்தச் செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. நம் கையிருப்பு அந்த நிலையில் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் மூலதனம் தாராளமாக வந்துபோகும் நாட்டில் டாலர் விலையையும் உள்நாட்டு வட்டியையும் ஒருசேர நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது என்ற விதி பெரிய கையிருப்புக்கும் பொருந்தும்.

இதை நாமே 2013இல் பார்த்தோம். அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போவதாகச் சொன்ன பேச்சுக்கே ரூபாய் ஆடியது. அதைத் தாங்கிப் பிடிக்க, ஜூலை மாதம் வங்கிகள் உங்களிடம் அவசரக் கடன் வாங்கும் வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தினீர்கள். அப்படியும் ஆகஸ்ட் இறுதியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அதன்பின் நிலைமை தேறியதற்கு, வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புகளை ஈர்க்கச் செப்டம்பரில் நீங்கள் கொண்டுவந்த சலுகைத் திட்டம் பெரிதும் உதவியது. அன்றைய வட்டி உயர்வு எல்லாக் கடனையும் உடனே தொடவில்லை. இன்று நிலைமை வேறு: 2019 அக்டோபர் முதல் சிறுதொழில்களின் புதிய மிதவை வட்டிக் கடன்கள் (வட்டி இடையில் ஏறி இறங்கும் கடன்கள்) ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருப்பதால், நீங்கள் மும்பையில் அரை சதவீதம் உயர்த்தினால் மூன்று மாதத்துக்குள் அவிநாசி ரோட்டில் உள்ள நிட்டிங் கூடத்தின் தவணை உயர்ந்துவிடும். ரூபாயைக் காக்கும் செலவை டாலரையே கண்ணால் பார்க்காத ஒருவர் கட்டுவார்.

விலைவாசிக்காக வட்டியை உயர்த்தினால் அந்தத் தவணையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருப்பூரில் 2021இல் போட்ட சம்பள ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கானதாக இருந்தது. இடையில் அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை எவ்வளவு ஏறினாலும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் தானாக அதைத் துரத்திப் பிடிப்பதில்லை. பணவீக்கம் 4 சதவீதம், அதிலிருந்து மேலும் கீழும் 2 சதவீதம் என்று சட்டப்படி உங்களுக்குத் தரப்பட்ட இலக்கு, பெயர் சொல்லாவிட்டாலும் இந்தத் தொழிலாளிக்கான காப்பு. அந்த இலக்கில் டாலர் விலைக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம்.

ரூபாய் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளட்டும். வேகத்தை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். ஆர்டர் எடுத்து, நூல் வாங்கி, சரக்கு ஏற்றி, பணம் கைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும் தொழிலில், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக நடக்கும் சரிவுக்கு ஏற்ப விலை சொல்ல முடியும். ஒரே வாரத்தில் நடப்பதற்குச் சொல்ல முடியாது. அதற்குத்தான் டாலர் கையிருப்பு இருக்கிறது. ஆனால் டாலரை விற்கும்போது சந்தையிலிருந்து ரூபாய் உங்களிடம் வந்துவிடுகிறது. அதைத் திரும்பச் சுற்றுக்கு விடத் தாமதித்தால், ரெப்போவைத் தொடாமலேயே கடன் இறுகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இறக்குமதியால் ஏறும் விலைக்கு வட்டி மருந்தாகாத இடங்களும் உண்டு. சமையல் எண்ணெய் வரி 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்டது. 2025 மே இறுதியில் கச்சா பாமாயில் உள்ளிட்டவற்றின் அடிப்படை வரி 20இலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. வரியை ஏற்றி இறக்கும் அந்தச் சாவி நடுவண் அரசிடம் இருக்கிறது. விலை ஏறும்போது வரியைக் குறைக்கச் சொல்லி நீங்கள் வெளிப்படையாகவே கேட்கலாம்.

ஒவ்வொரு கூட்டமும் முடிந்த பதினான்காம் நாள் உறுப்பினர்களின் தனித்தனி விளக்கங்களை வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை முதல், தம் வாக்கில் ரூபாயின் மதிப்புக்கு இடம் இருந்ததா, இருந்தால் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் அதில் ஒரு பத்தி எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் கணக்கெழுதும் ஒருவன்