ஃபார்மேட் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி நம்பரைக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் கேள்வி பதில்ல ஒருத்தர் ஃபைல் சேவ் ஆக மாட்டேங்குதுன்னு கேட்டதுக்கு, ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா ஓஎஸ் போடுங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. கோத்தகிரியில பதினாலு வருஷமா ரிப்பேர் கடை வச்சிருக்கேன், படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

ஐப்பசி மழையில கற்பூர மரம் லைன் மேல சாஞ்சு ராத்திரி பூரா கரண்ட் வந்து வந்து போச்சு, விடிஞ்சு பாத்தா பக்கத்து டீ பேக்டரியில இலை எடை போடுற லினக்ஸ் கம்ப்யூட்டர் பில்லை சேவ் பண்ணல, ஸ்கிரீன்ல 'சேமிக்க முடியவில்லை' அவ்ளோதான், வெளிய இலை வண்டிங்க வரிசையா நிக்குது, சாஃப்ட்வேர்காரர் போன்லயே ஃபார்மேட்தான்னுட்டார். உள்ள மூணு மாசத்து விவசாயிங்க கணக்கு இருக்குங்க!

கெர்னல் லாக்கைத் திறந்தேன், அதாவது லினக்ஸோட மையப் பகுதி தனக்கு நடந்ததைக் குறிச்சு வைக்கிற பதிவு. கடைசியில எரர் நம்பர் மைனஸ் 30, அதாவது படிக்கலாம், எழுத முடியாது. நிறைய பேரு இதோட நின்னுட்டு, ரீட்-ஒன்லியைத் தூக்கிட்டு டிஸ்க்கைத் திரும்ப சிஸ்டத்தோட இணைச்சு மவுண்ட் பண்ணுன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் மேல போனா ஜர்னலை (டிஸ்க்குல எழுதப் போறதை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற நோட்டு) நிறுத்தியாச்சுன்னு ஒரு வரி, அதுக்கும் மேல மைனஸ் 5, இன்புட் அவுட்புட் எரர். டிஸ்க்குல ஜர்னலை எழுத முடியலன்னதும், இதுக்கு மேல எழுதுனா இருக்கிறதும் கெட்டுடும்னு இஎக்ஸ்டி4ங்கிற ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்குல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) தானே கதவைச் சாத்திக்கிச்சு. டிஸ்க் தன்னோட உடம்பு நிலையைச் சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 199ஆம் கவுண்டர் ஏறியிருந்துச்சு, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. கழட்டிப் பாத்தா நம்ம ஊரு ஈரத்துக்கு கனெக்டர்ல பச்சை படிஞ்சு கிடக்கு. கேபிளை மாத்தி, முதல்ல கணக்கை காப்பி எடுத்து, அப்புறமா ஃபைல்சிஸ்டத்தைச் சோதிச்சு சரி பண்ற எஃப்எஸ்சிகே ஓட்டுனேன். பத்தரைக்கு எடை ஆரம்பிச்சாச்சு.

மலை ரயில் நின்னா ஊட்டி போர்டுல 'ரத்து'ன்னு மட்டும்தான் இருக்கும், மண்ணு சரிஞ்சது ஹில்குரோவ்லயா ஆடர்லியிலயான்னு குன்னூரு, ரன்னிமேடுன்னு கீழ ஒவ்வொரு ஸ்டேஷனா கேட்டாதான் தெரியும், ஃபைல்சிஸ்டமும் அப்படித்தான். கீழ இருக்கிற ஃபங்ஷன் (கோடுல ஒரு சின்ன வேலையைச் செய்யுற துண்டு) மேல இருக்கிறதுக்கு நம்பரைக் கைமாத்தி விடுது, நடுவுல யாராவது மறந்துட்டா போச்சு. 2008ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரங்க லினக்ஸ்ல எரர் நம்பர் கைமாறுற 9,022 ஃபங்ஷன் அழைப்புகளை அலசுனதுல 1,153ல அந்த நம்பர் சரியா போய்ச் சேரலன்னு கண்டுபிடிச்சாங்க. கெர்னல்லயே இப்படின்னா பில்லிங் சாஃப்ட்வேரை என்ன சொல்ல!

நம்பர் கிடைச்சாலும் உடனே நம்பிடக் கூடாது. 28ன்னா இடமில்ல, ஆனா டிஸ்க் பாதி காலியா இருக்கும்போதும் வரும், சின்னச் சின்ன ஃபைலா கொட்டி ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணுன்னு ஒதுக்குற பதிவு) தீர்ந்திருக்கும். 22 தான் ரொம்பத் தொல்லை, 'குடுத்த மதிப்பு தப்பு'ன்னு அர்த்தம், கெர்னல்ல எங்க பாத்தாலும் அதைத்தான் திருப்பி அனுப்புறாங்க. ஒருதடவை மவுண்ட் ஆகாத டிஸ்க்குக்காக ரெண்டு நாள் இஎக்ஸ்டி4 கோடை படிச்சே கண்ணு போச்சு. இப்ப 6.5 கெர்னல்ல இருந்து எஃப்ட்ரேஸே (கெர்னலுக்குள்ள எந்த ஃபங்ஷன் ஓடுதுன்னு காட்டுற கருவி) ஃபங்ஷன் என்ன திருப்பிக் குடுத்துச்சுன்னு காட்டுது, மைனஸ் 22 எந்த ஃபங்ஷன்ல முதல்ல பொறந்துச்சுன்னு கீழ இருந்து பாத்துட்டு வந்தா போதும். (இன்லைன் ஆனது, அதாவது தனியா இல்லாம இன்னொரு ஃபங்ஷனுக்குள்ளயே கலந்துட்டது மட்டும் அதுல தெரியாது, அதுல ஏமாந்திருக்கேன்.)

அந்த வாசகர் இன்னும் ஃபார்மேட் பண்ணலன்னா ஒண்ணு சொல்லிடுங்க, லினக்ஸா இருந்தா ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிமெஸ்க் (dmesg)னு கமாண்ட் போட்டு வர்ற கெர்னல் லாக்கை செல்போன்ல போட்டோ எடுத்துக்கட்டும். டிஸ்க்கே எழுத விடாதப்போ லாக் மட்டும் எங்க போய் உக்காரும், ரீஸ்டார்ட் பண்ணா அதுவும் போயிடும்.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரர்,
கோத்தகிரி