பிளக் நுனியில் செங்கல் பொடி: எரிபொருள் தரம் பார்க்கும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் எங்கள் ஊர் பங்க்கில் மாதிரி எடுக்க வந்தீர்கள். பெட்ரோலில் உலோகம் கலந்திருக்கிறது என்று புகார் கொடுத்தவன் என்பதால் நானும் பக்கத்தில்தான் நின்றேன். அலுமினிய கேன் தீர்ந்துவிட்டதாம். வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து, சீல் வைத்து, ஜீப்பின் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். உச்சி வெயில்.

பத்து நாளில் பதில் வந்தது: மாங்கனீசு இல்லை. எப்படி இருக்கும்? ஆக்டேனை, அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் தன்மையை ஏற்ற ஊற்றுகிற எம்எம்டி (MMT) என்ற மாங்கனீசு சேர்மம் வெயில் பட்டால் சிதைந்து, மாங்கனீசு வண்டலாக அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைச் சோதித்து என்ன பயன்?

என் ஒர்க்ஷாப்புக்கு வரும் பால்காரத் தம்பிக்கு இரண்டு மாதத்தில் மூன்று ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டேன். விடிகாலை நாலரைக்கு வண்டி இழுக்காமல் நின்றால் அன்றைய பால் திரிந்துபோகும். சரியாக எரிந்த பிளக் வெளிர் டீ நிறத்தில் இருக்கும். பெட்ரோல் கூடுதலாகப் போனால் கரி பிடிக்கும். இவருடைய பிளக்கில் பீங்கான் முழுக்கச் செங்கல் பொடி பூசினமாதிரி இருக்கிறது. மாங்கனீசாக இருக்கலாம், அதே வேலைக்கு ஊற்றுகிற பெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தில் வரும் இரும்பாகவும் இருக்கலாம். சூடேறியதும் அந்தப் பூச்சு வழியாக மின்சாரம் கசிந்துவிடுகிறது, பொறி வருவதில்லை. "அண்ணே, டூப்ளிகேட் பிளக் போடுறீங்களா?" என்று என்னையே கேட்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிச்சம் படாமல் மாதிரி எடுத்து மாங்கனீசு, இரும்பு, ஈயம் மூன்றையும் அளந்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுத்தில் கொடுங்கள்.

பங்க்கில் பில்டர் பேப்பர் தருகிறார்கள், அடர்த்தி காட்டுகிறார்கள், 5 லிட்டர் படியில் அளந்தும் காட்டுகிறார்கள். சில மில்லிகிராம் உலோகம் இதில் எதிலும் சிக்காது. ஐரோப்பாவில் 2014 முதல் மாங்கனீசு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் 2000-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தினோமே, அளக்கத் தெரியாமலா? ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க மூலைக்கு மூலை கேமரா. அவன் டேங்கில் விழுவதைப் பார்க்க மட்டும் ஆளில்லை.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து இன்னொரு முறை வந்து மாதிரி எடுத்து, மூன்று உலோகத்தையும் அளந்து சொல்லுங்கள். கழற்றிய பிளக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேன் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நானே வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்